ரெண்டு ரிங் விட்டு கட் பண்றேன், எடுத்துடாதீங்க

கொஞ்ச நாளாவே ஒரு விஷயம் மண்டைக்குள்ள ஓடிக்கிட்டே இருக்கு, எழுதித் தீர்த்தாத்தான் அடங்கும்போல. எங்க குடும்ப வாட்ஸாப் குரூப்ல யாரோ ஒரு பழைய நோக்கியா 1100 படத்தைப் போட்டு "இந்தக் காலம் திரும்ப வருமா"ன்னு கேட்டிருந்தாங்க. அவ்வளவுதான், சித்தப்பா பசங்க, அத்தை பசங்க, மாமா வீட்டுக்காரங்கன்னு எல்லாரும் வரிசையா இறங்கிட்டாங்க. பாம்பு கேம், டார்ச் லைட்டு, ரப்பர் கீபேடு, ரீசார்ஜ் கார்டை காசால சுரண்டுறப்போ நம்பரும் சேர்ந்து கிழிஞ்சு போறது, பத்து ரூபாய்க்கு டாப்பப் போட்டா ஏழு ரூபா சொச்சம் மட்டும் ஏறுறது, தீபாவளி அன்னைக்கு மட்டும் எஸ்எம்எஸ் ஃப்ரீ கிடையாதுன்னு முந்தின நாளே எல்லாருக்கும் வாழ்த்து அனுப்பினது. நானும் மிஸ்டு கால் பத்தி நீளமா ஒரு பத்தி எழுதிப் போட்டேன், யாருக்கு எத்தனை ரிங், எந்த ரிங்குக்கு என்ன அர்த்தம்னு. எல்லாரும் ஹார்ட் போட்டாங்க. எங்க அக்கா மட்டும் ஒண்ணும் போடல. ராத்திரி தனியா எனக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்துச்சு. "எனக்கு அந்தக் காலம் வேண்டாம்டா"ன்னு ஒரே வரி. பின்னாடி குக்கர் விசில் சத்தம், கோபம் எல்லாம் இல்ல, சாதாரணமாத்தான் சொல்லிருக்கு. ஆனா அந்த ஒரு வரிதான் என்னை விடவே மாட்டேங்குது.

ஏன்னா எனக்கு அந்தக் காலம் நிஜமாவே பிடிக்கும். ஏதோ வயசாகுறதால பழசெல்லாம் இனிக்குதுன்னு சொல்லல. ஒரு காலுக்கு நிமிஷத்துக்கு இவ்வளவுன்னு மீட்டர் ஓடினப்போ, ஒருத்தர் நம்மளக் கூப்பிட்டாருன்னா அவர் நமக்காகக் கொஞ்சம் காசை எடுத்து வச்சிட்டாருன்னு அர்த்தம். அதுல ஒரு கனம் இருந்துச்சு. இப்போ யாரு யாரைக் கூப்பிட்டாலும் அந்தக் கனம் இல்லன்னு நான் ரொம்ப நாளா நம்பிக்கிட்டு இருக்கேன், நண்பர்கள்கிட்ட வாதாடியும் இருக்கேன். அக்கா சொன்னதுக்கு அப்புறம் இத மொதல்ல இருந்து திரும்ப யோசிச்சுப் பாக்க வேண்டியதாப் போச்சு.

எடுத்தாலும் காசு

இப்போ இருக்கிற பசங்ககிட்ட "இன்கமிங்குக்கும் காசு"ன்னு சொன்னா நம்ப மாட்டேங்கிறாங்க. 1995 ஜூலை 31-ந்தேதி மேற்கு வங்க முதலமைச்சர் ஜோதிபாசு கல்கத்தாவுல இருந்து டெல்லியில இருந்த மத்திய அமைச்சர் சுக்ராம்கிட்ட பேசினதுதான் நம்ம நாட்டோட முதல் செல்போன் கால். அந்த ஆரம்ப வருஷங்கள்ல நிமிஷத்துக்கு 16 ரூபா 80 காசு வரைக்கும் போச்சு, அதுவும் கூப்பிட்டவருக்கும் காசு, எடுத்தவருக்கும் காசு. சென்னையில அப்போ ஸ்கைசெல், ஆர்பிஜின்னு ரெண்டு கம்பெனி. மத்த ஊர்களுக்கு பிபிஎல்லும் ஏர்செல்லும் பின்னாடிதான் வந்துச்சு. நாங்க விருதுநகர் பக்கம். எங்க தெருவுல மொதல்ல செல்போன் வச்சிருந்தது மிளகாய் வத்தல் கமிஷன் கடைக்காரர் ஒருத்தர்தான். சட்டைப் பையில அது வெளிய தெரியுற மாதிரி வச்சிருப்பார், நாங்க எல்லாம் அதையே பாத்துக்கிட்டு நிப்போம். ஆனா அவர் அதுல பேசி நாங்க பாத்ததே அபூர்வம். ரிங் வரும், எடுத்து நம்பரைப் பாப்பார், கட் பண்ணுவார், எந்திரிச்சு நாலு கடை தள்ளி இருக்கிற எஸ்டிடி பூத்துக்கு நடந்து போய் அந்த நம்பருக்குக் கூப்பிடுவார். அவ்வளவு விலை குடுத்து வாங்கின போனு, யாரு தேடுறாங்கன்னு சொல்றதுக்கு மட்டும்தான். பேசறதுக்கு அந்த மஞ்சள் போர்டு, கண்ணாடிக் கூண்டு, தலைக்கு மேல ஓடுற சிவப்பு நம்பர்.

பூத்துல பேசுறப்போ எல்லார் கண்ணும் அந்தச் சிவப்பு நம்பர்லதான் இருக்கும். பேசுற வாய் வேற, மீட்டரைப் பாக்குற கண்ணு வேற. ராத்திரி ஆக ஆக ரேட் குறையும்ங்கிறதால சாப்பிட்டு முடிச்சிட்டு பூத் வாசல்ல கூட்டம் நிக்கும், திருப்பூர்ல வேலை பாக்குற பையன்கிட்டப் பேச ஒரு அம்மா, பம்பாய்ல இருக்கிற வீட்டுக்காரர்கிட்டப் பேச ஒரு அக்கா. உள்ள பேசுறது வெளிய நிக்கிறவங்களுக்கு நல்லாவே கேக்கும். யாரும் கேக்காத மாதிரி ரோட்டைப் பாத்துக்கிட்டு நிப்பாங்க. அந்த மரியாதையை இப்போ நெனச்சாலும் எனக்கு நெஞ்சு நெறையுது.

2003 மே

எங்க தலைமுறைக்கு செல்போன்னு ஒண்ணு நிஜமாக் கைக்கு வந்தது 2003-லதான். அதுக்குக் கொஞ்சம் முன்னாடி, 2002 டிசம்பர்ல ரிலையன்ஸ் இறங்குச்சு, அடுத்த வருஷம் ஜூலையில 501 ரூபாய்க்கு போன்னு சொல்லி ஊரே கியூவுல நின்னுச்சு. ஆனா எனக்குப் பெருசாப் பட்டது அதுக்கு நடுவுல நடந்ததுதான். 2003 மே 1-ல இருந்து டிராய், அதாவது போன் கம்பெனிங்களுக்கு விதி போடுற ஆணையம், கொண்டு வந்த விதிப்படி கூப்பிடறவங்க மட்டும் காசு குடுத்தாப் போதும், எடுக்கிறவங்களுக்கு இன்கமிங் ஃப்ரீ. இதைப் பத்திப் பேசுறவங்க எல்லாம் விலை குறைஞ்சதைப் பத்தித்தான் பேசுவாங்க. என்னைக் கேட்டா அன்னைக்கு மாறினது விலையைவிட, ரெண்டு பேருக்கு நடுவுல யாரு செலவு பண்றதுங்கிற கணக்கு. அதுவரைக்கும் ரெண்டு பேரும் சேர்ந்து சுமந்த செலவு இப்போ ஒருத்தர் தலையில. அப்போ அந்த ஒருத்தர் யாரு? அங்கதான் மிஸ்டு கால் உள்ள வருது.

எடுத்தாத்தான் பில்லு, ரிங் போறதுக்குக் காசு கிடையாது. இந்த ஒரு ஓட்டையை வச்சு நாடு முழுக்க ஒரு பாஷையே உண்டாக்கினாங்க, யாரும் யாருக்கும் சொல்லிக் குடுக்காமலே. கோயம்புத்தூர்ல ஹாஸ்டல்ல இருந்தப்போ எங்க ரூம்ல நாலு பேருக்கும் தனித்தனி விதி இருந்துச்சு. ஒரு ரிங்னா கீழ மெஸ்ஸுக்கு வந்துட்டேன், ரெண்டு ரிங்னா வர லேட்டாகும் சாப்பாடு எடுத்து வை. பஸ் ஏறிட்டா வீட்டுக்கு ஒண்ணு, இறங்கிட்டா ரூமுக்கு ஒண்ணு. ராத்திரி பதினோரு மணிக்கு ஒரு நம்பர்ல இருந்து ஒரே ஒரு ரிங் வந்து நின்னா அதுக்கு ஒரு அர்த்தமும் இல்ல, அதாவது உன்னை நெனச்சேன்னு மட்டும் அர்த்தம். பதிலுக்கு நம்மளும் ஒண்ணு குடுத்துட்டுத் தூங்கிடலாம். அதுல பெரிய ஆபத்து என்னன்னா எதிராளி டக்குனு எடுத்துடறதுதான். அதனாலதான் முன்கூட்டியே "ரெண்டு ரிங் விட்டு கட் பண்றேன், எடுத்துடாதீங்க"ன்னு கெஞ்சி வைக்கிறது.

யாரு யாருக்கு மிஸ்டு கால் குடுக்கலாம்ங்கிறதுலயும் ஒரு ஒழுங்கு இருந்துச்சு. சம்பாதிக்கிறவங்களுக்கு சம்பாதிக்காதவங்க குடுக்கலாம். தம்பி அண்ணனுக்கு, மருமகன் தாய்மாமனுக்கு, பசங்க அப்பாவுக்கு. மாறிக் குடுத்தா அது அசிங்கம். வசதியான சொந்தக்காரர் ஒருத்தர் எல்லாருக்கும் மிஸ்டு கால் குடுக்கிறாருன்னு எங்க குடும்பத்துல வருஷக்கணக்கா பேசினாங்க, கல்யாணத்துல மொய் குறைச்சு வச்சதைக்கூட அவ்வளவு நாள் பேசல.

எனக்கு வேலை கெடைச்சு மொத சம்பளம் வந்தப்போ ஒரு கார்டு போட்டு அப்பாவுக்குக் கூப்பிட்டேன். ரிங் போகுது, போகுது, எடுக்கல. கட் ஆன உடனே அவரே கூப்பிட்டார். "சொல்லுய்யா, மிஸ்டு கால் குடுத்தியே"ங்கிறார். என் நம்பரைப் பாத்துட்டு, ரிங் நிக்கட்டும்னு கையில போனை வச்சுக்கிட்டுக் காத்திருக்கார், எத்தனையோ வருஷப் பழக்கம். "இல்லப்பா, நான்தான் பண்ணேன், நீங்க கட் பண்ணுங்க, நான் திரும்பக் கூப்பிடறேன்"னு சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்ல. அப்புறம் "சரி"ன்னு வச்சார். அடுத்த தடவை மொத ரிங்லயே எடுத்தார். இப்போ கால் ஃப்ரீயா இருக்கிற உலகத்துல ஒரு பையன் தன் அப்பாவுக்கு இதைக் குடுக்க முடியுமான்னு தெரியல. இதை வச்சுத்தான் நான் அந்தக் காலத்துக்காக வாதாடுவேன். இன்னைக்கும் இந்த ஒரு விஷயத்துல என் மனசு மாறல.

டிவி மேல இருந்த போன்

அந்த வாய்ஸ் மெசேஜுக்கு நான் பதில் அனுப்பல, என்ன அனுப்பறதுன்னு தெரியல. கோயில் கொடைக்கு ஊருக்குப் போனப்போ அக்காவும் வந்திருந்துச்சு. மத்தியானம் சாப்பிட்டுட்டு திண்ணையில உக்காந்திருந்தோம், அம்மா உள்ள படுத்திருந்துச்சு. "ஏன்க்கா அப்படிச் சொன்ன"ன்னு கேட்டேன். "நீ போட்ட அந்த மிஸ்டு கால் கதையைப் படிச்சேன்டா. உனக்கு அது வெளாட்டு"ன்னு ஆரம்பிச்சுச்சு.

அக்காவுக்குக் கல்யாணம் ஆனது 2003 கடைசியில. மாமாவுக்கு அம்பத்தூர் எஸ்டேட்ல ஒரு சின்னக் கம்பெனியில வேலை. வீட்டுல மாமா, அவங்க அம்மா, மாமாவோட தம்பி, அக்கா. மாமாகிட்ட கம்பெனி போன் இருந்துச்சு, வீட்டுக்குன்னு இன்னொரு போன், அது டிவி மேல இருக்கும். அதுக்கு மாசத்துக்கு ஒரு கார்டு, அது தீந்தா அடுத்த மாசம்தான். ஒவ்வொரு கால் முடிஞ்ச உடனே ஸ்கிரீன்ல ஒரு வரி வரும் பாத்திருப்பீங்க, இந்தக் காலுக்கு இவ்வளவு, மிச்சம் இவ்வளவுன்னு. சாயங்காலம் மாமா வந்ததும் பேலன்ஸ் பாப்பார். மாமா கெட்டவர் கிடையாது, அதையும் நான் சொல்லணும், அவர் சம்பளம் அப்படி. ஆனா குறைஞ்சிருந்தா ஒரு கேள்வி வரும், "ஊருக்கா பேசின?"ன்னு. மாமா கேக்கலன்னா அத்தை கேப்பாங்க. திட்டு ஒண்ணும் இல்ல, வெறும் கேள்விதான். அந்தக் கேள்வி வரக் கூடாதுன்னே அக்கா பேசாம இருக்கும்.

எங்க வீட்டுல அப்போ லேண்ட்லைன் மட்டும்தான், நம்பர் காட்டாத பழைய செட்டு. அதனால அக்காவுக்கும் அம்மாவுக்கும் ஒரு கணக்கு. காலையில பதினோரு மணி வாக்குல ரெண்டு ரிங் அடிச்சு நிக்கும், கொஞ்சம் இடைவெளி விட்டு மறுபடியும் ரெண்டு. அம்மா எங்க இருந்தாலும், கொல்லையில துணி துவைச்சுக்கிட்டு இருந்தாலும், ஈரக்கையோட வந்து போன்கிட்ட நிக்கும். எடுக்காது. ரெண்டாவது தடவையும் அடிச்சு நின்னதும் திரும்பிப் போயிடும். லீவுல நான் வீட்டுல இருந்தா "அக்கா அட்டெண்டன்ஸ் போட்டாச்சு"ன்னு கத்துவேன். எங்களுக்கு எல்லாம் அது ஒரு தமாஷ். குரூப்ல நான் எழுதினதும் இதைத்தான்.

"அந்த ரிங் அடிக்க அத்தை வெளிய போகணும், கொழுந்தன் இருக்கக் கூடாது, போனு சார்ஜ்ல இருக்கணும்"னு அக்கா சொல்லுச்சு. "அதுக்குக் காசு இல்லதான், ஆனா எதுக்கு அடிக்கடி போனை எடுக்கிறன்னு கேப்பாங்கல்ல. அடிச்சா, அந்தப் பக்கம் அம்மா வந்து நிக்கும்னு எனக்குத் தெரியும். நாலு ரிங்ல அம்மாகிட்ட என்னடா சொல்ல முடியும்? உசுரோட இருக்கேன்னு சொல்லலாம். வேற என்ன சொல்ல முடியும்?"

நான் விடாம, "அதான் வாரத்துக்கு ஒரு தடவை பேசுவியேக்கா"ன்னேன். "ஒரு நிமிஷம்டா. அறுபத்தோரு செகண்ட் ஆச்சுன்னா ரெண்டு நிமிஷக் காசு. அதனால ஐம்பத்தெட்டுல வச்சிடுவேன். நல்லாருக்கியா, நல்லாருக்கேன், அப்பா நல்லாருக்காரா, மழை பெஞ்சுச்சா, மாடு கன்னு போட்டுச்சா, முடிஞ்சு போச்சு. ஒரு நிமிஷத்துல அழ முடியாதுடா. அழ ஆரம்பிச்சா முப்பது செகண்டு போயிடும். அப்புறம் எதுக்கு அழுதேன்னு சொல்றதுக்கு இன்னொரு கார்டு வேணும்."

அப்புறம்தான் எனக்குத் தெரியாத ஒண்ணைச் சொல்லுச்சு. கல்யாணமாகி அஞ்சாறு மாசத்துல அக்காவுக்கு மொத கரு கலைஞ்சு போச்சு. அந்த வாரமும் போன் பண்ணிருக்கு. அம்மா வழக்கம்போல நல்லாருக்கியான்னு கேட்டிருக்கு, இதுவும் "கொஞ்சம் ஜொரம்மா, இப்போ பரவால்ல"ன்னு சொல்லிட்டு ஐம்பத்தெட்டுல வச்சிடுச்சு. மறைக்கணும்னு இல்ல. அதை எங்க ஆரம்பிச்சு எங்க முடிக்கிறதுன்னு தெரியல, ஸ்கிரீன்ல நேரம் ஓடுது. ஆடிக்கு ஊருக்கு அழைச்சுட்டு வந்தப்போதான் அம்மாவுக்கே தெரியும். அதுவரைக்கும், ஜொரம்னு சொன்ன மறுநாள் காலையில இருந்தே பழையபடி ரெண்டு ரிங், இடைவெளி, ரெண்டு ரிங். அம்மா ஈரக்கையோட வந்து நின்னுட்டு, பொண்ணு நல்லாருக்கான்னு நெனச்சுக்கிட்டுத் திரும்பப் போயிருக்கு. அந்த ஆடிக்கு முந்தின லீவுல நான் வீட்டுல இருந்தேன், அட்டெண்டன்ஸ் போட்டாச்சுன்னு கத்தினேன்.

சும்மா பேசுறது

இதைக் கேட்டதுக்கு அப்புறம் நான் ரொம்ப யோசிச்சேன். காசு குடுத்துப் பேசின காலத்துல சேதி எதுவும் நின்னு போகல. சாவு, பொறப்பு, கல்யாணம், பஸ் ஏறியாச்சு, பணம் வந்து சேர்ந்துச்சு, எல்லாம் போய்ச் சேர்ந்துடும், ஒரு நிமிஷம் அதுக்குத் தாராளம். போய்ச் சேராதது சும்மா பேசுறதுதான். பக்கத்து வீட்டுக்காரி கோலம் போட்ட கதை, சாம்பார்ல புளி தூக்கலாப் போன கதை, ஒண்ணுமே இல்லாத கதை. அரை மணி நேரம் அப்படி ஒண்ணுமில்லாததைப் பேசிக்கிட்டே வந்தாத்தான் நடுவுல எங்கயோ, "அம்மா, ஒண்ணு சொல்லணும்"னு வாய் வரும். பெரிய விஷயம் எதுவும் மொத நிமிஷத்துல வராது. யாருக்குமே வராது. மீட்டர் ஓடினா அந்த அரை மணி நேரம் கெடைக்காது, அப்போ பெரிய விஷயமும் வராது.

எனக்கு அந்தக் காலம் இனிச்சதுக்குக் காரணமும் இப்போ புரியுது. நான் ஹாஸ்டல்ல இருந்தேன், சும்மா பேச சுத்தி நாப்பது பேர் இருந்தாங்க, போன் எனக்கு மேல் வரும்படி. பேச யாருமே இல்லாத வீட்டுல வாழப் போனவங்களுக்கு அந்தப் போன்தான் மொத்தமும். பூத் வாசல்ல நின்ன அந்த பம்பாய்க்காரர் பொண்டாட்டிக்கும் அப்படித்தான் இருந்திருக்கும், துபாய்ல இருந்த எங்க பெரியப்பா மகனுக்கும் அப்படித்தான். அவன் வெள்ளிக்கிழமை கார்டு வாங்கிப் பேசுவான், வீட்டுல ஆறு பேர் வரிசையில நின்னு ஆளுக்கு அரை நிமிஷம் "நல்லாருக்கியா"ன்னு கேட்டுட்டு அடுத்தவங்க கையில குடுப்பாங்க. அவன் பொண்டாட்டி கடைசியில நிக்கும், கைக்கு வர்றப்போ பாதி நாள் கார்டு தீந்திருக்கும்.

அக்காகிட்ட "எப்போதான் நல்லாப் பேச ஆரம்பிச்ச"ன்னு கேட்டேன். அதுக்கு நல்லா ஞாபகம் இருக்கு. அப்போ எல்லாம் போன் கம்பெனி கணக்குல சென்னை ஒரு சர்க்கிள், அதாவது தனி எல்லை, மீதித் தமிழ்நாடு வேற சர்க்கிள், சென்னை நம்பரோட ஊருக்கு வந்தா ரோமிங், எடுத்தாலும் காசு, பொறந்த வீட்டுல உக்காந்திருக்கிறப்போ மாமா கூப்பிட்டா இது எடுக்கப் பயப்படும். 2005-ல ரெண்டையும் ஒண்ணாக்கினாங்க. அடுத்த வருஷம் மார்ச்ல தயாநிதி மாறன் அமைச்சரா இருந்தப்போ நாடு முழுக்க எஸ்டிடி நிமிஷத்துக்கு ஒரு ரூபான்னு பிஎஸ்என்எல் கொண்டு வந்துச்சு, மத்த கம்பெனிங்களும் ஒவ்வொண்ணா இறங்குச்சு. "அந்த ஒரு ரூபா வந்ததுக்கு அப்புறம்தான்டா நான் அம்மாகூட சண்டையே போட ஆரம்பிச்சேன்"னு சிரிச்சுச்சு. அதுக்கு முன்னாடி சண்டை போட வழி இல்ல. கோவிச்சுக்கிட்டா சமாதானம் ஆகுறதுக்குள்ள கார்டு தீந்துடும், அப்புறம் அடுத்த மாசம் வரைக்கும் அந்தக் கோபத்தோட இருக்கணும். அதனால ரெண்டு பேரும் ரெண்டு வருஷத்துக்கு மேல அவ்வளவு நல்லவங்களா பேசிக்கிட்டாங்க. 2009-ல டாடா டோகோமோ வந்து செகண்டுக்கு ஒரு பைசான்னு மாத்தினதும் அந்த ஐம்பத்தெட்டு செகண்ட் கணக்கும் ஒழிஞ்சுச்சு.

இப்போ ரெண்டு பேரும் தினம் ஒரு மணி நேரம் பேசுறாங்க. அக்கா ஸ்பீக்கர்ல போட்டுட்டு கீரை ஆயும், அம்மா இந்தப் பக்கம் சீரியல் கதையைச் சொல்லும், நடுவுல ரெண்டு பேரும் பேசாம இருப்பாங்க, ஆனா லைன் ஓடிக்கிட்டே இருக்கும். முன்னாடி இதைப் பாத்தா எனக்கு எரிச்சலா இருக்கும், இவ்வளவு நேரம் என்னதான் பேசுவாங்கன்னு. இப்போ அந்தப் பேசாத நேரம் இருக்குல்ல, அதுதான் எனக்குப் பெரிய செல்வமாப் படுது. காசு ஓடுற போன்ல யாரும் சும்மா இருக்க முடியாது.

28 நாள்

இன்னும் ஒண்ணு சொல்லணும், இதை எழுத உக்காந்ததே பாதி இதுக்காகத்தான். மீட்டர் ஒழிஞ்சு போச்சுன்னு நாம நெனச்சுக்கிட்டு இருக்கோம், அது முழுசா ஒழியல. 2016 செப்டம்பர்ல ஜியோ வந்து கால் எல்லாம் ஃப்ரீன்னு ஆன பிறகும் கம்பெனிங்களுக்கு நடுவுல ஒரு கணக்கு ஓடிக்கிட்டுத்தான் இருந்துச்சு. கூப்பிடறவங்க கம்பெனி எடுக்கிறவங்க கம்பெனிக்குக் காசு குடுக்கணும், 2017 அக்டோபர்ல இருந்து அது நிமிஷத்துக்கு 6 பைசா. 2019-ல இதை வச்சுப் பெரிய சண்டை. ரிங் அடிக்கிற நேரத்தைக் குறைச்சு, எடுக்கிறதுக்குள்ள கட் ஆக வச்சு, எதிர்ப்பக்கம் திருப்பிக் கூப்பிட வைக்கிறாங்கன்னு ஏர்டெல் ஜியோ மேல புகார் சொல்லுச்சு. கடைசியில டிராய் வந்து செல்போன்னா 30 செகண்ட், லேண்ட்லைன்னா 60 செகண்ட் ரிங் அடிக்கணும்னு உத்தரவு போட்டாங்க. நாங்க ஹாஸ்டல்ல பண்ணின அதே மிஸ்டு கால்தான், ஆனா கோடிக்கணக்கான ரூபாய்க்கு. அந்த 6 பைசாவும் 2021 ஜனவரியோட போயிடுச்சு.

போகாதது வேலிடிட்டி. 2005 கடைசியில லைஃப்டைம் பிளான்னு வந்துச்சே ஞாபகம் இருக்கா, 999 ரூபா ஒரு தடவை கட்டினா ஆயுசுக்கும் இன்கமிங்னு? எங்க ஊர்ல எத்தனையோ பெரியவங்க அதை நம்பி நம்பர் வாங்கினாங்க. 2018 கடைசியில குறைஞ்சபட்ச ரீசார்ஜ் 35 ரூபான்னு ஆரம்பிச்சுச்சு, பண்ணலன்னா கொஞ்ச நாள்ல இன்கமிங்கும் நின்னுடும். அதுவும் ஏறி ஏறி, 2024 ஜூலைக்கு அப்புறம் ஏர்டெல், வோடபோன் ஐடியாவுல 28 நாளுக்கு 199 ரூபான்னு ஆயிடுச்சு. வருஷத்துக்குப் பதிமூணு தடவை. நெட்டே தேவைப்படாத பட்டன் போன்காரங்களும் நெட்டுக்குச் சேர்த்துக் காசு கட்ட வேண்டியிருந்துச்சு. 2024 டிசம்பர்ல டிராய் தலையிட்டு, பேச்சுக்கும் எஸ்எம்எஸ்ஸுக்கும் மட்டும் தனி ரீசார்ஜ் குடுத்தே ஆகணும், 365 நாள் வரைக்கும் வேலிடிட்டி வைக்கலாம்னு விதியை மாத்தினதால இப்போ அப்படிப்பட்ட பேக்குங்க இருக்கு. ஆனா அது இருக்குன்னு யாரு போய் அந்தப் பெரியவங்களுக்குச் சொல்றது? கடையில கேட்டா 28 நாள்தான் போட்டு விடுறாங்க.

எங்க தெருவுல ஒரு பெரியம்மா இருக்காங்க, தனியாத்தான் இருக்காங்க. பையன் ஓசூர்ல. இன்கமிங் கட் ஆனது அவங்களுக்குத் தெரியவே இல்ல. போன் ஆன்ல இருக்கு, லைட் எரியுது, சார்ஜ் இருக்கு, பையன் மட்டும் கூப்பிடல. பத்து நாளைக்கு மேல அவன் மறந்துட்டான்னே நெனச்சுக்கிட்டு, வெளிய சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு உக்காந்திருந்திருக்காங்க. அவன் அந்தப் பக்கம் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பாத்துட்டு, போன் ரிப்பேர் போலன்னு விட்டிருக்கான். இதைக் கண்டுபிடிச்சது எங்க அக்கா. சென்னையில இருந்துக்கிட்டு அம்மாகிட்ட ஒரு மணி நேரம் சும்மா பேசுதுல்ல, அந்தப் பேச்சுல வந்து விழுந்த சேதி இது. "அந்தப் பெரியம்மா முகமே சரியில்லடி"ன்னு அம்மா சொல்ல, அக்காவுக்கு உடனே பொறி தட்டிருக்கு.

அன்னைல இருந்து அக்கா ஒரு லிஸ்ட் வச்சிருக்கு. எங்க தெருவுல பட்டன் போன் வச்சிருக்கிற ஏழெட்டுப் பேரு, யாருக்கு எந்த கம்பெனி, எந்தத் தேதியில வேலிடிட்டி முடியுதுன்னு காலண்டர்ல பென்சில்ல எழுதி வச்சு, அம்பத்தூர்ல இருந்தே போட்டு விடுது. பாதிப் பேர் பசங்ககிட்ட இருந்து காசு வாங்கிடும், மீதிப் பேருக்குக் கேக்கிறது இல்ல. அன்னைக்குத் திண்ணையில அந்த லிஸ்டைக் காட்டினப்போ நானும் மூணு நம்பரை என் போன்ல ஏத்திக்கிட்டேன். அதுல ரெண்டு பேருக்கு இப்போ ஒரு வருஷப் பேக் போட்டாச்சு. மூணாவது ஆளு ஒத்துக்க மாட்டேங்கிறார், ஒரு வருஷம் இருப்பேனோ என்னவோ, மாசா மாசம் போடுங்கிறார். அவர்கிட்ட இன்னும் பேசிக்கிட்டு இருக்கேன்.